குறுக்கு விசாரணை இல்லாத வாக்குமூலம்

சத்து மாத்திரை டப்பாவின் லேபிளைப் பற்றிப் பேச வந்தவன் ஒரு விஷ மருந்திலிருந்து தொடங்குவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 1937இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு மருந்து நிறுவனம், அப்போது புதிதாக வந்திருந்த சல்ஃபனிலமைடு மருந்தைக் குழந்தைகளும் குடிக்கும்படி இனிப்புத் திரவமாக்கி விற்றது. மருந்தைக் கரைக்க அவர்கள் எடுத்துக்கொண்ட திரவம் டைஎதிலீன் கிளைக்கால். சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் விஷம் அது. இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல், அவர்களில் பலர் சிறு பிள்ளைகள். (2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் இதே பொருள் கலந்து, மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எண்பத்தெட்டு ஆண்டுகளாகியும் அந்த வேதிப்பொருள் நம்மை விட்டபாடில்லை.) அன்றைய அமெரிக்கச் சட்டத்தில், மருந்தை விற்கும் முன் சோதிக்க வேண்டும் என்ற விதியே இல்லை. அதிகாரிகள் அந்தப் புட்டிகளைப் பறிமுதல் செய்தது வேறொரு காரணத்தைக் காட்டி. லேபிளில் ‘எலிக்சிர்’ என்று போட்டிருந்தார்கள். எலிக்சிர் என்றால் ஆல்கஹால் கலந்திருக்க வேண்டும், இதில் ஆல்கஹால் இல்லை, ஆகவே லேபிள் பொய். ‘கரைசல்’ என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பிடியும் கிடைத்திருக்காது. நூறு உயிர் போனதற்குச் சட்டத்தின் கையில் இருந்தது ஒரு சொல் குற்றம் மட்டுமே.

இந்தச் சம்பவத்தை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. லேபிள் என்பது, விற்பவர் தன் சரக்கைப் பற்றித் தானே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். வாக்குமூலத்துக்கு எப்போது மதிப்பு வருகிறது? எதிர்த்தரப்பு எழுந்து நின்று குறுக்குக் கேள்வி கேட்கும்போது. மருந்து விஷயத்தில் 1938இலேயே அமெரிக்கா இதைப் புரிந்துகொண்டது. விற்பதற்கு முன் பாதுகாப்பை நிரூபி என்று புதிய சட்டம் வந்தது. 1962இல், குணம் தருவதையும் நிரூபி என்றானது. ஆனால் வைட்டமின், தாது உப்பு, மூலிகைச் சாறு, புரோட்டீன் பவுடர் என்று நாம் ‘சப்ளிமெண்ட்’ என அழைக்கும் சரக்குகளில், அமெரிக்காவிலும் அதன் பின் இந்தியாவிலும் சட்டங்கள் வேறு வழியில் போயின. வாக்குமூலத்தில் என்னென்ன சொற்கள் இருக்க வேண்டும், எந்த அளவு எழுத்தில் இருக்க வேண்டும் என்று வரி வரியாக எழுதினார்கள். குறுக்கு விசாரணையை மட்டும் விட்டுவிட்டார்கள். இன்று என் வாதம் இவ்வளவுதான்: லேபிளில் இன்னும் ஒரு எச்சரிக்கை வரி சேர்ப்பதால் வாங்குபவருக்குப் பெரிய பயன் கிடையாது. கடைத் தட்டில் இருக்கும் டப்பாவை எடுத்துச் சோதித்து, முடிவைப் பெயரோடு வெளியிடுவதால்தான் பயன்.

விதிகள் இப்படி வளைந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1976இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. வைட்டமின் மாத்திரையில் இத்தனைக்கு மேல் வீரியம் கூடாது என்று உணவு மருந்து நிர்வாகம் உச்ச வரம்பு விதிப்பதற்கு அது தடை போட்டது. 1990களின் தொடக்கத்தில் அந்த நிர்வாகம் லேபிள் வாக்குறுதிகளுக்குக் கடிவாளம் போட முயன்றபோது, உற்பத்தியாளர்களும் அவர்களுடைய வாடிக்கையாளர்களும் சேர்ந்து எழுந்தார்கள். நடிகர் மெல் கிப்சனின் வீட்டுக்குள் ஆயுதக் காவலர்கள் புகுந்து, வைட்டமின் சி வைத்திருந்ததற்காக அவரை வளைப்பதுபோல் ஒரு தொலைக்காட்சி விளம்பரம்கூட வந்தது. செனட்டர்கள் ஆரின் ஹேட்ச், டாம் ஹார்கின் இருவரும் முன்னின்று கொண்டுவந்த சட்டத்தில் 1994 அக்டோபர் 25 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். சப்ளிமெண்ட் என்பது மருந்தல்ல, ஒருவகை உணவு என்று அது வரையறுத்தது. விற்பதற்கு முன் அனுமதி வேண்டாம். ஆபத்து என்றால் அதை அரசுதான் நிரூபிக்க வேண்டும். அன்று சந்தையில் ஏறக்குறைய 4,000 சரக்குகள் இருந்தன. இன்று 50,000க்கும் மேல்.

அந்தச் சட்டம் கேட்டது ஒரு வாசகத்தை. உடலின் அமைப்பு, செயல்பாடு பற்றி ஏதாவது வாக்குறுதி கொடுத்தால், தடித்த எழுத்தில் இப்படிப் போட வேண்டும்: இந்தக் கூற்றை உணவு மருந்து நிர்வாகம் மதிப்பிடவில்லை, எந்த நோயையும் கண்டறியவோ தீர்க்கவோ தடுக்கவோ இந்தப் பொருள் உரியதல்ல. எழுத்தின் அளவு ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. வாக்குறுதியோடு சரக்கை விற்க ஆரம்பித்த பிறகு, 30 நாளுக்குள் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் போட்டால் போதும். இதன் விளைவாக ஒரு தனி மொழியே பிறந்தது. ‘கொலஸ்ட்ராலைக் குறைக்கும்’ என்று எழுதினால் அது மருந்து வாக்குறுதி, கூடாது. ‘ஏற்கெனவே இயல்பான அளவில் உள்ள கொலஸ்ட்ராலை அப்படியே பேண உதவும்’ என்று எழுதினால் சரி. ஏற்கெனவே இயல்பாக இருப்பவர் எதற்குக் காசு கொடுத்து மாத்திரை வாங்குகிறார் என்று யாரும் கேட்பதில்லை. வாங்குபவர் கண்ணில் படுவது கொலஸ்ட்ரால் என்ற சொல்தான். எழுதுபவருக்கும் அது தெரியும், விதி வகுத்தவருக்கும் தெரியும். அந்த வாசகத்தால் யாருக்குப் பாதுகாப்பு என்று பார்த்தால், வழக்கு வந்தால் ‘சொல்லித்தானே விற்றோம்’ என்று கைகாட்ட விற்பவருக்கு அது உதவுகிறது. டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

இப்போது லேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாகப் படிப்போம். இது பொய் சொல்லும் லேபிள்களைப் பற்றியது அல்ல, விதிக்கு உட்பட்டு உண்மை சொல்லும் லேபிள்களைப் பற்றியது. ஒரு கால்சியம் மாத்திரை. முன்பக்கம் 1,250 மில்லிகிராம் என்று கொட்டை எழுத்து. பின்னால் திருப்பினால், அது கால்சியம் கார்பனேட்டின் எடை. அதில் கால்சியம் நாற்பது சதவீதம், அதாவது 500 மில்லிகிராம். இதுவே சிட்ரேட்டாக இருந்தால் கால்சியம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அடுத்தது முடி வளர்ச்சிக்கென்று விற்கும் பயோட்டின். 10,000 என்று போட்டிருக்கும், பக்கத்தில் மைக்ரோகிராம். பத்து மில்லிகிராம் என்று எழுதினால் சின்னதாகத் தெரியும் அல்லவா? ஒரு நாளைக்குத் தேவை வெறும் 30 மைக்ரோகிராம் என்பதை வைத்துப் பார்த்தால் அந்தப் பத்தாயிரம் முந்நூறு மடங்குக்கும் மேல். கூடுதல் பயோட்டின் முடியை வளர்க்கிறதோ இல்லையோ, ரத்தப் பரிசோதனையைக் குழப்பும். மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் டிரோபோனின் அளவு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியக்கூடும் என்றும், அப்படி ஒருவர் இறந்ததாகத் தகவல் வந்திருக்கிறது என்றும் அமெரிக்க நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. கடைசியாக, ‘தனியுரிமைக் கலவை’ என்று ஒரு வரி. பத்து மூலிகைகளின் பெயர், மொத்த எடை 900 மில்லிகிராம். எது அதிகமோ அது முதலில் வரும் என்ற வரிசை விதி உண்டு, எது எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. விலை உயர்ந்த மூலிகை பெயருக்கு ஒரு சிட்டிகை இருந்தாலும் பட்டியலில் இடம் கிடைத்துவிடும். அமெரிக்க விதிப்படி இந்த மூன்றிலும் சட்டமீறல் எதுவும் இல்லை.

மீறல் உள்ளவற்றுக்கு வருவோம். தூக்கத்துக்காக மெலடோனின் மிட்டாய்களை அமெரிக்கப் பெற்றோர் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள். 2023இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வந்த ஒரு சோதனையில் 25 சரக்குகளைப் பரிசோதித்தார்கள். 22இல் லேபிள் சொன்ன அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. மெலடோனின் இருந்தவற்றில் சொன்னதில் 74 சதவீதம் முதல் 347 சதவீதம் வரை இருந்தது. ஒன்றில் மெலடோனினே இல்லை. நம் ஊர்ப் பக்கம் வந்தால், கேரள மருத்துவர்கள் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2024இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். 25 டப்பாக்களில், அதாவது ஏறக்குறைய எழுபது சதவீதத்தில், புரோட்டீன் பற்றிய தகவல் சரியில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. இந்தச் சோதனைகளைச் செய்தவர்கள் தனி ஆய்வாளர்கள் என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சரக்கின் டப்பாவையும் கடைத் தட்டிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டிய வேலையைச் சட்டம் யாருக்கும் அன்றாடக் கடமையாகக் கொடுத்து வைக்கவில்லை.

புரோட்டீன் விஷயத்தில் ஏமாற்று எப்படி நடக்கிறது என்பதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டலாம். ஆய்வுக்கூடத்தில் வழக்கமான முறை புரோட்டீனை நேரடியாக அளப்பதில்லை. அதிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள். சராசரிப் புரோட்டீனில் நைட்ரஜன் 16 சதவீதம் என்பது இதன் அடிப்படை. கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தில் நைட்ரஜன் ஏறக்குறைய 18.7 சதவீதம். நூறு கிராம் கிளைசினைக் கொட்டினால் இந்தக் கணக்கில் ஏறக்குறைய 117 கிராம் புரோட்டீன் என்று வரும். கிரியேட்டினில் நைட்ரஜன் 32 சதவீதம், அதில் நூறு கிராம் போட்டால் கணக்கு 200 கிராம் காட்டும். போட்டதைவிட அதிகமாகக் காட்டும் தராசு! 2008இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால் பவுடரில் மெலமைனைக் கலந்தது இதே ஓட்டையைப் பயன்படுத்தித்தான். மெலமைன் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்ததாக அந்த அரசே ஒப்புக்கொண்டது. கிளைசின் விஷமல்ல, ஒப்பிட்டுப் பயமுறுத்தவில்லை. நான் சொல்வது, லேபிளில் ‘24 கிராம்’ என்ற எண் ஒரு சோதனை முறையின் நிழல் என்பதை. எந்த முறையில் அளந்தாய், அமினோ அமிலங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தாயா என்று கேட்காதவரை அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

இந்தியாவின் விதிகள் சொல்லளவில் அமெரிக்காவினுடையதைவிடக் கடுமையானவை, இதை மறுக்க முடியாது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2016இல் வந்த ஒழுங்குமுறையும், அதை மாற்றி 2022இல் வந்ததும், ‘ஹெல்த் சப்ளிமெண்ட்’ என்று வெளிப்படையாக அச்சிடச் சொல்கின்றன. மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல, சொன்ன அளவைத் தாண்டக் கூடாது, பலவகை உணவுக்கு இது மாற்றாகாது, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று வரிகள் தொடர்கின்றன. வைட்டமின்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரையை ஒட்டி வரம்பும் உண்டு. அமெரிக்காவில் 1976இலேயே கைவிட்டது அது. ஆனால் விசாரணை என்ற இடத்துக்கு வந்தால் நம் கதையும் அதே கதை. டப்பாவில் 14 இலக்க உரிம எண் இருக்கும். அரசு இந்தச் சரக்கைச் சோதித்து முத்திரை குத்தியிருக்கிறது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். தொழில் நடத்த உரிமம் வாங்கியிருக்கிறார் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. தவறான லேபிளுக்கு அபராதம் மூன்று லட்சம் ரூபாய் வரை. மூவாயிரம் ரூபாய் புரோட்டீன் டப்பா நூறு விற்றால் அந்தப் பணம் வந்துவிடும். பிடிபட்டால் கட்ட வேண்டிய கட்டணம் என்று ஒரு வியாபாரி இதைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, தனிமனிதச் சுதந்திரம். எதைச் சாப்பிட வேண்டும் என்பதை அரசு ஏன் தீர்மானிக்க வேண்டும்? 1994இல் வென்றது இந்த வாதம்தான், அதில் நியாயமும் இருக்கிறது. வைட்டமின் சி சாப்பிடுபவரை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் மெலடோனின் மூன்று மில்லிகிராம் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தவருக்குப் பத்து மில்லிகிராம் கிடைத்தால் அவருடைய தேர்வு என்ன ஆயிற்று? நான் கேட்பது குணத்தின் நிரூபணத்தை அல்ல. எடை சரியா என்பதை. மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை கேட்பதால் அரிசி வாங்கும் சுதந்திரம் போய்விட்டதாக யாரும் அழுததில்லை. இரண்டாவது, பிரச்சினை வந்தால் அரசு பிறகு நடவடிக்கை எடுக்கலாமே என்பது. எடுத்துப் பார்த்தார்கள். எடை குறைக்கவென்று விற்ற எஃபெட்ரா மூலிகைக்கு 1997இலேயே கட்டுப்பாடு முன்மொழிந்தார்கள். 2003இல் அதைச் சாப்பிட்டுவந்த ஓர் இளம் பேஸ்பால் வீரர் இறந்த பிறகு, 2004இல்தான் தடை வந்தது. நிரூபிக்கும் சுமை அரசின் தலையில் இருந்தால் வேகம் இவ்வளவுதான்.

மூன்றாவது வாதம் நமக்கு நெருக்கமானது. மஞ்சளும் அமுக்கராவும் நெல்லியும் ஆயிரம் ஆண்டு அனுபவம் உள்ள பொருட்கள், இவற்றுக்கு எதற்குச் சோதனை? மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். சமையல் மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய மூன்று சதவீதம். கடையில் விற்கும் 500 மில்லிகிராம் மாத்திரை 95 சதவீதச் செறிவு கொண்ட சாறு. ஒரு மாத்திரையில் உள்ள குர்குமினைப் பெற 16 கிராம் அளவுக்கு மஞ்சள் தூள் வேண்டும். எந்தச் சாம்பாரில் ஐந்து தேக்கரண்டி மஞ்சள் போடுகிறோம்? போதாததற்கு, குடல் அதை எளிதில் உறிஞ்சாது என்பதால் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் குர்குமின் பல மடங்கு ஏறுகிறது என்று 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கல்லீரல் பாதிப்புகள் பதிவான பிறகு, 2022இல் இத்தாலி இந்த மாத்திரைகளின் லேபிளில் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. நம் பாட்டிமார்களின் அனுபவம் அஞ்சறைப் பெட்டியின் மஞ்சளுக்குச் சாட்சி. இந்த மாத்திரைக்கு அவர்கள் சாட்சி சொன்னதே இல்லை. மரபின் பெயரால் சோதனையை மறுப்பவர்கள் மரபைக் காப்பாற்றுவதாக எனக்குத் தோன்றவில்லை, அதை இரவல் வாங்குகிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே சங்கடம் தரும் எதிர்வாதம் கனடாவிலிருந்து வருகிறது. அங்கே 2004 முதல் விற்பனைக்கு முன்பே உரிமம் வேண்டும், ஒவ்வொரு சரக்குக்கும் எட்டு இலக்க எண் உண்டு. அப்படியிருந்தும் 2021இல் அந்நாட்டுத் தணிக்கைத் துறை, உரிமம் பெற்ற 75 சரக்குகளை எடுத்துப் பார்த்தபோது, 56 சதவீதத்தின் லேபிளில் தவறான தகவல் இருந்தது. ஆகவே முன்அனுமதி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. வாசலில் ஒருமுறை காகிதத்தைப் பார்த்து உள்ளே விட்டுவிட்டால் அதுவும் வாக்குமூலத்தை வாங்கி அடுக்கி வைப்பதுதான். கடைத் தட்டுக்குப் போய், பணம் கொடுத்து வாங்கி, உடைத்துப் பார்க்க வேண்டும். இது முடியாத காரியமல்ல. அமெரிக்காவிலேயே மருந்துத் தரநூல் அமைப்பின் முத்திரையும், விளையாட்டு வீரர்கள் நம்பும் என்.எஸ்.எஃப் என்ற சான்றளிப்பு அமைப்பின் முத்திரையும் விரும்பிய நிறுவனங்களுக்கு இதைத்தான் செய்துகொடுக்கின்றன. சிறு உற்பத்தியாளருக்குச் செலவு தாங்காது என்பது ஓரளவு உண்மை. அதற்காகத்தான் சோதனையை அரசு ஆய்வகங்களில், விற்பனை அளவுக்கு ஏற்ற கட்டணத்தில் வைக்க வேண்டும் என்கிறேன். சரியாகச் செய்யும் சிறு நிறுவனத்துக்கு, பெயரோடு வெளிவரும் முடிவைப் போல மலிவான விளம்பரமும் வேறில்லை.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் லேபிள் ஒழுங்குமுறைப்படி விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில் இருக்க வேண்டும். மற்ற மொழிகளைச் சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை. ஆகவே மன்னார்குடியில் மருந்துக் கடைக்கு, டாக்டர் எழுதிய சீட்டோடு போகிற தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவர் கையில் வரும் டப்பாவில், இது மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல என்று நான்கு ஆங்கிலச் சொற்களில் எழுதியிருக்கும். சீட்டு எழுதியவர் டாக்டர், விற்றது மருந்துக் கடை, உள்ளே இருப்பது மாத்திரை. படிக்க முடியாத எச்சரிக்கை அவருக்கு எப்படி உதவும்? பக்கம் பக்கமான விதிகளில் தமிழுக்கு இடம் கேட்டால், முழு லேபிளையும் மொழிபெயர்க்க இடமில்லை என்பார்கள். வேண்டாம். ஒரு மாத்திரையில் எந்தச் சத்து எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை, யார் சாப்பிடக் கூடாது, இந்தத் தொகுதியைக் கடைசியாக யார் எப்போது சோதித்தார்கள் என்ற நான்கை மட்டும் தமிழில் போடட்டும். முதல் மூன்றை அச்சிட நாளைக்கே முடியும். நான்காவது இடத்தில் எழுதுவதற்குத்தான் இப்போதைக்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை.